கிளாசைக் கீழ வைக்காதீங்க

நாமக்கல் தாண்டி ஒரு முட்டைக் கம்பெனி. அங்கயும் ஒரு குரு, ஒரு சீடன். தாடி, ஜடாமுடியெல்லாம் தேடாதீங்க. குருவுக்கு முப்பது வயசு, ஸ்கூட்டியில வரும், பேரு பூங்கோதை. சீடனுக்கு அம்பது தாண்டிருச்சு, தலையில பாதி போயி மீதி வெள்ளை, பேரு நாச்சிமுத்து. குரு சீடனை "அண்ணா"ன்னு கூப்பிடும். சீடன் குருவை "அம்மிணி"ன்னு கூப்பிடுவாரு. கம்பெனியோட கம்ப்யூட்டர் சோலி மொத்தமும் இவங்க ரெண்டு பேரு தலையிலதான்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு பழக்கம். சேரை விட்டு எந்திரிச்சா, தோள்ல கெடக்கற துண்டை எடுத்துச் சேர் மேல போட்டுட்டுத்தான் போவாரு. தண்ணி குடிக்கப் போனாலும் துண்டு, ஒண்ணுக்குப் போனாலும் துண்டு. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள சன்னல் வழியா எடம் போடற மாதிரி.

"அண்ணே, அந்தச் சேருக்கு ஒரு கால் ஆடுது. அதை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?"னு ஆபீசுல கிண்டல் பண்ணுவாங்க. அவரு சிரிக்க மாட்டாரு.

முன்னாடி போர்வெல் போடற ரிக் வண்டிக் கம்பெனி ஒண்ணுல இருந்தாரு. சம்சாரத்துக்கு ஆபரேசன்னு ஒரு வாரம் லீவு போட்டாரு. திரும்பி வந்து பாத்தா, இவரு சேர்ல வேற ஒருத்தன் உக்காந்து மிக்சர் தின்னுட்டு இருக்கான். "யாருங்க வேணும்?"னு இவரையே கேட்டான். அன்னைக்குப் புடிச்ச பயம். இங்க வந்த பின்னாடி லீவே போட்டதில்லை. மகளைப் பெங்களூர்ல கட்டிக் குடுத்திருக்கு. பேத்தி பொறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பிச்சிருச்சு. தாத்தா இன்னும் போன்லதான் கொஞ்சறாரு.

சரி, பிரச்சினைக்கு வருவோம்.

கம்பெனிக்குன்னு ஒரு பெரிய சாப்ட்வேர். ஸ்டாக்கு, பில்லு, லாரி எல்லாம் அதுலதான். அதுக்கு வேணுங்கற வெவரமெல்லாம் இத்தனை நாளா ஆபீஸ் மூலையில ஒரு பெட்டிக்குள்ள இருந்துச்சு. அதைக் கிளவுடுக்கு மாத்துங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு. கிளவுடுன்னா மழை மேகம் இல்லீங்க. எங்கயோ எவனோ வெச்சிருக்கற கம்ப்யூட்டர், நாம வாடகைக்கு எடுத்துக்கறது. அங்க ஒரு டேட்டாபேஸ், அதுகிட்ட ஒண்ணு கேக்கணும்னா ஒரு கனெக்ஷன் வாங்கணும். இங்க இருக்கற சாப்ட்வேரை அதோட கோத்து விடற வேலை நாச்சிமுத்துவுக்கு.

கோத்துட்டாரு. காலையில டேட்டாபேஸு, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி கேட்டதுக்கெல்லாம் பவ்யமா பதில் சொல்லும். வெயில் ஏற ஏறப் பேச்சு கொறையும். லோடு ஏத்தி முடிக்கற நேரத்துல சுத்தமா வாயை மூடிக்கும். "கனெக்ஷன் எல்லாம் தீந்துபோச்சு"ன்னு ஒரு வரி வரும், அத்தோட சரி. சாப்ட்வேரை அணைச்சு மறுபடி போட்டா எந்திரிக்கும். கொஞ்ச நேரத்துல மறுபடி படுத்துக்கும்.

கேட் பாஸ் அடிக்காம லாரி வெளிய போக முடியாது. வரிசையா வெயில்ல நிக்குது. உள்ள அத்தனையும் முட்டை. இன்னும் கொஞ்சம் விட்டா குஞ்சு பொரிச்சு, அதுகளே எறங்கி கேரளாவுக்கு நடந்துரும்.

முதலாளி வந்தாரு. சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தாக்கூட நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் தெம்பா இருந்திருக்கும்.

"நாச்சிமுத்து, நாளைக்கும் நின்னுச்சுன்னா பழைய பெட்டியையே மாட்டிக்கலாம். நீங்களும் ஊட்டுல ரெஸ்ட் எடுங்க."

அவரு அந்தப் பக்கம் போனதும் இவரு குருகிட்ட ஓடுனாரு.

"அம்மிணி, கிளவுடுல இருக்கறது ஏன் பதில் சொல்ல மாட்டேங்குது?"

பூங்கோதை அவரு எழுதி வெச்சிருந்த புரோகிராமைத் திரையில மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்துச்சு.

"அம்மிணி, சின்ன டேட்டாபேஸா வாங்கிட்டோமாட்ட இருக்குது. பெருசா ஒண்ணு வாங்கச் சொல்லட்டுமா?"

"வாங்கண்ணா, டீ குடிக்கலாம்."

"ஊடு பத்தி எரியுது, இப்ப டீயா?"

"எரியறது எங்கயும் போயிராது. வாங்க."

துண்டைச் சேர் மேல போட்டுட்டு, பின்னாடியே போனாரு.

கேட்டுக்கு எதுக்கால சடையப்பன் டீக்கடை. லாரி டிரைவருங்க அத்தனை பேரும் அங்கதான் நின்னாங்க. நாச்சிமுத்துவைப் பாத்ததும் ஒருத்தன் ஆரம்பிச்சான்.

"வாங்கண்ணே! உங்க கம்ப்யூட்டர் எப்ப முட்டை போடும்? அது போட்டாத்தான் எங்க முட்டை போகுமாமே?"

"அடைக்கு உக்காந்திருக்குதுடா"ன்னான் இன்னொருத்தன்.

நாச்சிமுத்துவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. பூங்கோதை கண்டுக்கலை.

"சடையப்பண்ணா, எல்லாருக்கும் டீ. நான் வாங்கித் தர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். குடிச்சு முடிச்சாலும் யாரும் கிளாசைக் கீழ வைக்காதீங்க. கையிலயே இருக்கட்டும். இன்னொரு டீ வேணும்னா புதுக் கிளாசுல கேளுங்க."

"ஏன் அம்மிணி, ஏதாச்சும் வேண்டுதலா?"ன்னு ஒரு டிரைவர் கேட்டான்.

"ஆமாங்க. நாச்சிமுத்தண்ணனுக்காக."

ஓசி டீன்னா டிரைவருக்கு என்ன கசக்குமா? குடிச்சாங்க. மறுபடி கேட்டாங்க. ரெண்டு கையிலயும் காலிக் கிளாசு. ஒருத்தனுக்கு மூக்கு அரிச்சுது, சொறியறதுக்குப் பக்கத்துல இருக்கறவனைக் கெஞ்சிட்டு இருந்தான்.

அப்பப் பாலக்காட்டுலருந்து காலி லாரி ஒண்ணு வந்து நின்னுது. டிரைவர் குதிச்சு எறங்குனான்.

"சேட்டா, ஒரு சாயா."

"இல்ல"ன்னாரு சடையப்பன்.

"பால் தீர்ந்நு போயோ?"

"பால் இருக்குது."

"தூள்?"

"தூளும் இருக்குது, அடுப்பும் எரியுது."

"பின்னே?"

"கிளாசு இல்லப்பா!"

பூங்கோதை ரொம்பக் கரிசனமா கேட்டுச்சு. "கடை சின்னதா இருக்குதாட்ட இருக்குது. பெரிய கடையா போட்டா சரியாயிருமுங்களா?"

சடையப்பனுக்கு ஏறிப்போச்சு. "எத்தனை பெரிய கடை போட்டாலும், காலிக் கிளாசைக் கட்டிப் புடிச்சுட்டு நின்னா நான் எதுல ஊத்தறது? தலையிலயா? இவனுக மட்டுமா, உங்க ஆளையும் பாரு அம்மிணி!"

எல்லாரும் திரும்புனாங்க. நாச்சிமுத்துவும் குனிஞ்சு பாத்துக்கிட்டாரு. அவரு கையிலயும் ஒரு கிளாசு. எப்பவோ குடிச்சு முடிச்சது. அடி காஞ்சு போயிருந்துச்சு. விரலு மட்டும் விடாம புடிச்சிருந்துச்சு.

மெல்லப் போயி கழுவற பேசன்ல வெச்சாரு. சடையப்பன் அதைப் புடுங்காத கொறையா எடுத்து, அலசி, டீயை ஆத்தி, பாலக்காட்டான் கையில குடுத்தாரு.

நாச்சிமுத்து பெஞ்சுல உக்காந்தாரு.

"அம்மிணி."

"சொல்லுங்கண்ணா."

"ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கனெக்ஷன் தொறக்கறேன். வேலை முடிஞ்சாலும் மூடறதில்லை."

"பாத்தேன்."

"மறந்துபோயி இல்ல. வேணும்னுதான் வுட்டு வெச்சேன்."

"ஏங்கண்ணா?"

துண்டில்லாத தோளைத் தடவிக்கிட்டாரு.

"மூடிட்டு, மறுபடி கேக்கறப்பக் குடுக்கலீன்னா?"

பூங்கோதை சிரிக்கலை. பாலக்காட்டான் ஊதி ஊதிக் குடிக்கறதையே பாத்துட்டு இருந்துச்சு.

"நீங்க குடிச்சீங்களே ஒரு டீ, அந்தக் கிளாசு உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"சடையப்பன் குடுத்தான்."

"அவருக்கு எப்படி வந்துச்சு?"

நாச்சிமுத்து கழுவற பேசனைத் திரும்பிப் பாத்தாரு. "முன்னாடி குடிச்சவன் கீழ வெச்சதுதான்"னாரு.

மத்தியானம் பூரா உக்காந்து, வேலை முடியற எடத்துலயெல்லாம் கனெக்ஷனைத் திருப்பிக் குடுக்கற மாதிரி எழுதுனாரு. ஒவ்வொண்ணு எழுதறப்பவும், சொந்தக் காசை உண்டியல்ல போடறவன் மாதிரி ஒரு நிமிசம் யோசிச்சுத்தான் எழுதுனாரு. ஆனா எழுதிட்டாரு.

மறுநாள் லோடு நேரம். ஆபீசே பிரிண்டரைச் சுத்தி நின்னுச்சு. கேட் பாஸ் ஒண்ணு வந்துச்சு. இன்னொண்ணு வந்துச்சு. பிரிண்டர் நிக்கவே இல்லை. நேத்துக் கிண்டல் பண்ணுனவன் கேட்டைத் தாண்டறப்ப ஹாரனை நீளமா அமுக்கிட்டுப் போனான்.

முதலாளி வந்து எட்டிப் பாத்து "ம்"னாரு. அவரு வாயில அதுக்கு மேல பாராட்டு வந்ததா யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் பூங்கோதை ஹெல்மெட்டைக் கையில எடுத்துருச்சு. நாச்சிமுத்து பக்கத்துல வந்து நின்னாரு.

"அம்மிணி, பெங்களூர் வரைக்கும் போயிட்டு வரலாம்னு பாக்கறேன். மக கூப்பிட்டுட்டே இருக்குது. ஒரு நாலு நாளு."

"போயிட்டு வாங்கண்ணா."

நாச்சிமுத்து போகலை. சேர்கிட்டப் போனாரு. மேல கெடந்த துண்டோட சுருக்கத்தை நீவி விட்டாரு. அப்புறமும் நின்னாரு.

"அப்ப, இந்தத் துண்டு இங்கயே கெடக்கட்டுமா?"

பூங்கோதை ஹெல்மெட்டைக் கீழ வெச்சுது. துண்டை எடுத்து, ஒரு ஒதறு ஒதறி, மடிச்சு அவரு தோள்ல போட்டுச்சு.

"எடுத்துட்டுப் போங்கண்ணா. பேத்தி எச்சி ஒழுக்குனா எதுல தொடைப்பீங்க?"