பாறைக்கு ஒரு வணக்கம்

கடல் கடந்து வந்த ஓநாய்கள் ஆண்டு அனுபவித்துவிட்டுப் போன ஒரு காட்டில், ஓர் ஓடை இருந்தது. ஓடை என்று பெயர்தான். ஓநாய்களின் குகைக்கு முன்னால் ஒரு பெரிய பாறை அதை மறித்துக் கிடந்தது. பாறைக்கு மேல்பக்கம் குளம் தளும்பியது. கீழ்க்காட்டில் வெறும் மணல்தான் கிடந்தது.

அந்தப் பாறையை உருட்டி வைத்தவை எருமைகள். ஆசைப்பட்டு அல்ல, குழந்தைகளே. ஓநாய்கள் அவற்றின் பின்னங்காலைக் கடித்துக் கடித்து உருட்ட வைத்தன.

ஓநாய்கள் போன மறுநாளே ஓர் எருமை பாறையைத் தள்ள வந்தது. அதன் கன்று கீழ்க்காட்டில் நாக்கு வறண்டு, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் படுத்திருந்தது.

குகைக்குள்ளிருந்து நரி எட்டிப் பார்த்தது. ஆமாம், ஓநாய் எழுந்துபோன இடத்தின் சூடு ஆறுவதற்குள் நரி அங்கே குடியேறியிருந்தது. குளத்து நண்டுகள் அதற்கு அவ்வளவு பிடித்துப்போயின.

"அதைத் தொடாதே. அது நம் வரலாறு," என்றது நரி.

"வரலாறு என் பின்னங்காலில் தழும்பாக இருக்கிறது. இது வெறும் பாறை," என்றது எருமை.

நரி சும்மா இருக்குமா? அன்றே கூட்டம் கூட்டியது. சுதந்திரக் காட்டுக்கு ஒரு சின்னம் வேண்டாமா என்று கேட்டது. வேண்டும் என்று எல்லாம் தலையாட்டின. தண்ணீர் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாறைமேல் செம்மண்ணைக் குழைத்து மயிலின் உருவத்தை வரைந்தார்கள். மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. நம் முன்னோர் மனமுவந்து நிறுவிய பாறை என்று குரங்கு காடெல்லாம் சொல்லிக்கொண்டு போனது. அதைத் தொடுகிறவன் துரோகி, அவனைக் காட்டைவிட்டே விரட்ட வேண்டும் என்று சட்டமும் வந்தது.

ஓநாய்கள் காலத்தில் பாறையைக் கடப்பவர்கள் வாலை ஒடுக்கித் தலை குனிய வேண்டும். இப்போதும் அதே வால், அதே குனிவு. அன்று அதற்குப் பயம் என்று பெயர், இன்று நாட்டுப்பற்று என்று பெயர். பழைய கள்ளு, புது மொந்தை. இதில் பெருமை வேறு.

எருமை பொறுத்துப் பார்த்தது. கன்றின் மூச்சு இளைத்துக்கொண்டே வந்தது. முட்டாள்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று அதற்குப் புரிந்தது. நேரே மயிலிடம் போய் வாலை ஒடுக்கி வணங்கியது.

"குளத்து அலை பட்டுப் பட்டுப் பாறையில் உங்கள் தோகை பாதி கரைந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் இருந்தால் கழுத்தும் மிஞ்சாது. இவ்வளவு அழகான சின்னம் கரையோரம் இருக்கும் மேட்டில் அல்லவா இருக்க வேண்டும்? காடு முழுக்கப் பார்க்கும்," என்றது.

மயில் ஓடிப்போய்ப் பார்த்தது. உண்மைதான், தோகை பாதி இல்லை. அது போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது. பாறையை உடனே மேட்டில் ஏற்ற வேண்டும் என்றது.

நரி குறுக்கே வந்து நின்றது. பாறை இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் பாரம்பரியம் என்று இழுத்தது.

"என் தோகை கரைவது உனக்குப் பாரம்பரியமா?" என்று சீறியது மயில்.

நரி ஒதுங்கி வழி விட்டது. யானைகள் முட்டின, எருமைகள் தோள் கொடுத்தன. மற்றவை கோஷம் போட்டன. கோஷம் போட எப்போதும் ஆள் பஞ்சம் இல்லை. பாறை அசைந்தது, புரண்டது, மேடேறியது. பாறை போன வழியில் தண்ணீர் பாய்ந்தது. எருமை மேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கன்றிடம் ஓடியது.

மாலையில் நரி முழங்கால் சேற்றில் நின்றது. குளத்தில் நண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாறையைப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தது.

"நாட்டுச் சின்னத்தைக் கீழே இறக்கச் சொல்கிறாயா? நீ ஓநாயின் ஆளா?" என்றது மயில்.

கூட்டம் மொத்தமும் நரியைத் திரும்பிப் பார்த்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நரி மேட்டைப் பார்த்து வாலை ஒடுக்கியது, தலை குனிந்தது.

கீழ்க்காட்டில் எருமைக்கன்று ஓடைக்குள் நான்கு காலையும் வைத்து நின்று, வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருந்தது.

நீதி: அடக்கியவன் போட்ட தடைக்குச் சாயம் பூசிக் கும்பிடுவது விடுதலை ஆகாது, தடையை அகற்றுவதே விடுதலை.