எண்ணெயோடு வந்த இலவசம்

பலாச்சோலைக் காட்டில் நல்லப்பன் என்றொரு நரி கடை வைத்திருந்தது. முதலில் அது வெறும் பொந்துக் கடைதான். உப்பு கேட்டால் உள்ளே கையை விட்டு உப்பை எடுத்துக் கொடுக்கும். வந்தவர்களும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதுதான் நரிக்குப் பிடிக்கவில்லை. உப்பு வாங்க வந்தவன் உப்போடு போய்விட்டால் கடைக்காரன் எப்படிப் பிழைப்பது!

ஆகவே நரி மூன்று குகைகளை இடித்து ஒன்றாக்கி, 'நரியண்ணன் சூப்பர் மார்க்கெட்' என்று பலகை மாட்டியது. உள்ளே எங்கு பார்த்தாலும் அலமாரி. தினமும் காலையில் கடை திறக்குமுன் நரியே பொருள்களை இடம் மாற்றி வைக்கும். நேற்று பருப்பு இருந்த இடத்தில் இன்று பக்கெட் இருக்கும். பருப்பைத் தேடி அலைகிறவன் வேறு நாலு பொருளைப் பார்ப்பான், பார்த்தால் ஒன்றையாவது எடுப்பான் என்று அது கணக்குப் போட்டது. கணக்கும் பலித்தது. போதாததற்கு வாசலில் ஒரு சட்டம் வேறு எழுதி வைத்தது: 'உடம்பில் ஒட்டியது, குத்தியது, மாட்டியது எல்லாம் வாங்கியதே.'

இந்தச் சட்டத்தால் அதிகம் நொந்துபோனது சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. அலமாரிகளுக்கு நடுவே சந்து குறுகல், சிலும்பனுக்கோ உடம்பெல்லாம் முள். ஒருமுறை திரும்பினால் முதுகில் ஏதாவது குத்திக்கொண்டு வரும். போன வாரம் உப்பு வாங்கப் போய், பாத்திரம் தேய்க்கும் நாரும் அப்பளக் கட்டும் குழந்தைத் தொப்பியுமாக வீட்டுக்கு வந்தது. வீட்டில் குழந்தை கிடையாது. உப்பும் வரவில்லை.

சிலும்பனின் மனைவி பவளாயி அன்றைக்கு உப்பில்லாத கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. ஆனால் இன்று அப்படி விட முடியாது. பவளாயியின் அம்மா முதல் தடவையாக மகள் வளைக்கு விருந்துக்கு வருகிறது. வளையில் பெரிய பலாப்பழம் ஒன்று பழுத்து மணக்கிறது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பலாப்பழத்தைத் தொட முடியுமா? பிசின் பிடித்தால் லேசில் விடாதே! வளையில் சொட்டு எண்ணெய் இல்லை.

"உச்சிவேளைக்கு அம்மா வந்துரும்," என்றது பவளாயி. "எண்ணெய் ஒண்ணுதான் வேணும். எண்ணெய் இல்லாம வந்தீங்கன்னா, எங்கம்மாவை வெளியவே உட்கார வச்சு நீங்களே பேசிக்கிட்டு இருங்க."

சிலும்பனுக்குப் புலியோடு பேசுவதுகூடச் சுலபம், மாமியாரோடு பேசுவது ஆகாத காரியம். எடுத்தது ஓட்டம்.

அது பலாக்காலம். காட்டில் எல்லோருக்கும் எண்ணெய் வேண்டும். அது நரிக்குத் தெரியாதா? அன்று காலைதான் பலாப்பழங்களை வாசலில் குவித்துவிட்டு, எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்கோடியில் குடைகளுக்குப் பின்னால் வைத்திருந்தது.

சிலும்பன் உள்ளே போனது. நேற்று எண்ணெய் இருந்த இடத்தில் போர்வை இருந்தது. கடைச் சட்டை போட்ட ஒரு குரங்கிடம் வழி கேட்டது.

"நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க," என்றது குரங்கு.

திரும்பினால் சோப்பு. மறுபடியும் வந்து கேட்டது. குரங்கு தலையைக்கூட நிமிர்த்தாமல் அதையே சொன்னது. மறுபடியும் சோப்பு. சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை! எதைக் கேட்டாலும் அந்தக் குரங்குக்கு அந்த ஒரு பதில்தான் தெரியும் என்பது பாவம் சிலும்பனுக்குத் தெரியவில்லை.

வயிற்றை எக்கிக்கொண்டு அடுத்த சந்தில் நுழைந்தது. அங்கே இரண்டு காட்டெருமைகள் தங்கள் தள்ளுவண்டிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. கொஞ்சம் வழி விடுங்கள் என்று சிலும்பன் கேட்டது. கேட்டபடியே இருந்தது. இரண்டாவது மருமகளின் சமையல் வரை வந்துவிட்டது பேச்சு. கடைசியில் சிலும்பன் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போக, முதுகில் ஒரு குடை குத்திக்கொண்டது. அதைப் பிடுங்கித் திரும்ப வைக்கப் போன இடத்தில்தான் எண்ணெய் பாட்டில்கள் தெரிந்தன. சிலும்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அங்கிருந்து பில் போடும் இடத்துக்கு ஓடியது. அங்கே வரிசையாக மேசைகள் கிடந்தன. ஆள் இருந்தது ஒரே மேசையில்தான், அந்த ஆளும் ஆமை. அந்த வரிசை மூங்கில் காடு வரை நீண்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அதே நேரம் வாசலில் நரிக்கு நாக்கில் நீர் ஊறியது. காலையிலிருந்து பலாப்பழ வாசனை! எவ்வளவு நேரம்தான் தாங்கும்? கையில் எண்ணெய் தடவ வேண்டுமென்று அதற்கும் தெரியும். ஆனால் எண்ணெய் கடைக்கோடியில் அல்லவா இருக்கிறது? அவ்வளவு தூரம் யார் நடப்பது, ஒரே ஒரு சுளைதானே என்று வெறுங்கையால் பழத்தைப் பிளந்தது. ஒரு சுளை ஒன்பது சுளை ஆனது. கையில் பிசின், வாயில் பிசின், மேலெல்லாம் பிசின். வாயைத் துடைத்த கையால் கண்ணையும் கசக்கியது. அவ்வளவுதான், வாயும் ஒட்டியது, கண்ணும் ஒட்டியது!

"ம்ம்ம்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியது நரி.

"நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க," என்றது குரங்கு.

நரி சோப்பில் போய் மோதியது. போர்வையில் மோதியது. தன் கடையில் தானே குருட்டாம்போக்கில் சுற்றியது. போகிற வழியிலெல்லாம் காலுறை, அப்பளம், துடைப்பம் என்று மேலே ஒட்டிக்கொண்டே வந்தது. நெற்றியில் ஒரு விலை அட்டையும் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பில் வரிசையில் வந்து, நின்றுகொண்டிருந்த சிலும்பனின் முதுகில் பொத்தென்று விழுந்தது. முள்ளும் பிசினும் சேர்ந்து பிடித்தால் கேட்க வேண்டுமா? நரி சிலும்பனின் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டது.

சிலும்பன் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இந்தக் கடையில் முதுகில் ஏதாவது ஏறுவது அதற்குப் பழகிப்போன விஷயம்.

ஒருவழியாக அதன் முறை வந்தது. ஆமை எண்ணெய் பாட்டிலை மெதுவாகப் பார்த்தது. பிறகு முதுகைப் பார்த்தது. காலுறைக்கும் அப்பளத்துக்கும் நடுவே தன் முதலாளி இருப்பது அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"பில்லுல எழுதணும், வளை நம்பர் சொல்லுங்க."

சிலும்பன் வாயைத் திறக்குமுன், "ம்ம்ம்!" என்றது நரி.

"சரியா கேக்கல. மறுபடி சொல்லுங்க."

"ம்ம்ம்! ம்ம்ம்!"

"என் மாமியார் வர்ற நேரம். முதுகுல என்ன இருந்தாலும் போட்டுக்குங்க, சீக்கிரம் விடுங்க," என்று கெஞ்சியது சிலும்பன்.

ஆமை நரியின் நெற்றியில் இருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.'

"அப்போ எண்ணெய்க்கு மட்டும் பில். இது இலவசம்," என்று சொல்லி அனுப்பிவிட்டது.

சிலும்பன் மூச்சிரைக்க வளைக்கு ஓடி வந்தது. வாசலில் மாமியாரும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. பவளாயி முதலில் கணவனின் கையைத்தான் பார்த்தது. கையில் எண்ணெய்! பவளாயியின் முகம் மலர்ந்தது. பழத்தை அறுத்தார்கள், வயிறாரத் தின்றார்கள். அதன் பிறகுதான் மாமியார் மருமகனின் முதுகைக் கவனித்தது.

"இது என்ன மாப்பிள்ளை, முனகுது?"

"எண்ணெயோட இலவசமா கொடுத்தாங்க அத்தை."

மாமியார் மிச்ச எண்ணெயை எடுத்து அந்த மூட்டை மேல் தடவித் தேய்த்தது. அப்பளம் உதிர்ந்தது. காலுறை கழன்றது. கண் திறந்தது, வாய் திறந்தது, உள்ளேயிருந்து நல்லப்பன் வெளிப்பட்டது. "அட, நம்ம கடைக்கார நரியண்ணன்!" என்றது சிலும்பன்.

"ஏம்ப்பா, கடை நிறைய எண்ணெய வச்சுக்கிட்டு உனக்கு ஏன் இந்தக் கதி?" என்று கேட்டது மாமியார்.

"எண்ணெய் ரொம்பத் தூரத்துல இருந்துச்சும்மா," என்றது நரி.

"அவ்வளவு தூரத்துல எந்தப் புத்திகெட்டவன் கொண்டுபோய் வச்சான்?"

நரி எழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்தது. மறுநாள் காலையில் கடைக்குப் போனவர்கள் கண்ட முதல் பொருள், வாசலிலேயே அடுக்கி வைத்திருந்த எண்ணெய்.

பிறரை அலைக்கழித்துப் பிழைக்க நினைப்பவன், அவசரத்துக்குத் தன் பொருளே தனக்கு எட்டாமல் தவிப்பான்.