முன் சீட்டு

வேலாயுதத்துக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். கொம்பையாவின் வேன் மூன்றாம் முறையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோதே சிவந்துவிட்டது.

வேலை பார்த்த நூற்பாலை மூடப்பட்ட பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், பிலோமினாவிடம் மெக்கானிக் வேலை கற்க வந்தவர் அவர். அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை மாஸ்டர் என்பார். இரண்டுமே மனசார வந்த வார்த்தைகள்தான்.

வேனுக்குப் பதினெட்டு வயது. கொம்பையாவும் அவன் மனைவி முப்பிடாதியும் அதில் கருவாடு ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவர்கள். நான்கு மாதமாக வண்டி நடுவழியில் நின்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வேலாயுதம் பிளக் மாற்றினார், இக்னிஷன் காயில் மாற்றினார், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றிவிட்டார். அவர் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் வண்டி சமர்த்தாக ஓடும்.

"இது மெக்கானிக் பாக்குற கோளாறு இல்ல," என்றான் கொம்பையா. "இவ முன்னால என் பக்கத்துல ஏறுனா நிக்குது, இறங்குனா கிளம்புது. அந்த சீட்டுல காலிக் கூடையை வச்சுட்டு நான் தனியாப் போனா ஒரு நாள் நின்னதில்ல. இவ ராசி அப்படி. இன்னைக்கு இவளை இவ அண்ணன் வீட்டுல கொண்டு விடத்தான் கிளம்புனேன். அதுக்குள்ள வழியில ரெண்டு தடவை நின்னுபோச்சு."

பின்னால் ஒரு துணிப்பை கிடந்தது. முப்பிடாதி முன் சீட்டிலிருந்து இறங்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலாயுதத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓர் ஓட்டை வண்டிக்காகக் கட்டினவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்துகிறவனிடம் என்ன பேசுவது?

"வாயில நல்லா வந்துரும், கொம்பையா. பதினெட்டு வருஷத்து டப்பா நிக்குறதுக்கு அவங்க என்ன செய்வாங்க?"

"அண்ணாச்சி," என்றாள் முப்பிடாதி. "நான் உக்காந்தா நிக்குது. அது நெசந்தான். முதல் தடவை வந்த அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன்."

"உங்களை நீங்களே அப்படிச் சொல்லாதீங்கம்மா. கொஞ்சம் இறங்கி அந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் பாக்கேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த மாதிரி வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். வேலாயுதம் வழக்கம்போல் சீட்டைத் தூக்கிச் சாய்த்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆத்திரம் தாங்காமல் ஸ்பேனரைத் தரையில் எறிந்தார்.

அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா, வந்து சீட்டைத் திரும்ப இறக்கிவைத்தாள்.

"அக்கா, ஏறி உக்காருங்க."

முப்பிடாதி உட்கார்ந்தாள். எஞ்சின் நின்றது.

"எந்திரிங்க. அண்ணாச்சி, சாவியைத் திருப்புங்க."

ஓடியது.

"உக்காருங்க."

நின்றது.

"பாத்தீங்களா," என்றான் கொம்பையா. அவன் முகத்தில் அப்படியொரு திருப்தி. வேலாயுதம் கையை ஓங்கிக்கொண்டு அவன்மேல் பாய்ந்தார். பிலோமினா குறுக்கே புகுந்து, முப்பிடாதியை எழுப்பிவிட்டு, தானே அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"திருப்புங்க."

சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பவே இல்லை.

"எனக்கும் ராசி இல்ல போலிருக்கு. நீங்க வாங்க, கொம்பையா."

அவன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். அவனுக்கும் கிளம்பவில்லை.

அவனை எழவிடாமல், பிலோமினா தரையில் படுத்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். எஞ்சினுக்குப் போகும் வயர் ஒன்று அகப்பட்டது. மேலுறை முழுசாகத்தான் இருந்தது, உள்ளே செம்பு இழை இழையாக அறுந்து இன்றைக்கு முழுசாகவே விட்டுப்போயிருந்தது. ஆள் உட்கார்ந்து சீட்டு அழுந்தினால் முனைகள் விலகும், எழுந்தால் சேரும். ஐந்து நிமிட வேலை.

கொம்பையா தலையைச் சொறிந்தான். "சரி, ஏறு. வீட்டுக்கே போவோம்."

"நாலு மாசமா சந்தையில நாலு பேரு முன்னால பீடைன்னு சொன்னீங்கல்லா," என்றாள் முப்பிடாதி. "ஒவ்வொரு சந்தையா வண்டியை நிறுத்துங்க. வயருதான் அறுந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்குப் பெறகு வீட்டைப் பத்திப் பேசலாம்."

துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் வண்டியை எடுத்தான். வண்டி நிற்கவில்லை.

அது தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த வேலாயுதத்துக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

"அவனைச் சும்மா விட்டுட்டீங்களே, மாஸ்டர். பொண்டாட்டி பேச்சைக் காதுல வாங்காம இறக்கிவிடுதவன் எல்லாம் மனுஷனா?"

பிலோமினா பனியன் துணியில் கையைத் துடைத்தாள்.

"மூணு தடவை வண்டி வந்துச்சு, அண்ணாச்சி. மூணு தடவையும் அவங்களை இறங்கச் சொன்னது யாரு?"