கூத்தன் எடுத்த மூன்று அடி

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்குப் போர் பிடிக்கும், ரத்தம் பிடிக்காது. அதனால் மர வீரர்களைச் செய்து, பகடை உருட்டி, அவையிலேயே போர் நடத்துவார். பகடையில் எத்தனை விழுகிறதோ, வீரனுக்கு அத்தனை அடி. கவசம் பூண்டு நிற்பவனை எத்தனை அடித்தாலும் பலிக்காது. கவசம் இல்லாதவனுக்கும் கீழே விழுந்தவனுக்கும் ஓர் அடி போதும்.

அவைக் கோமாளி கூத்தன், முதல் அடிக்குப் பதில் எதிரியின் காலை வாரிவிட்டு, மிச்ச அடியில் ஆளை முடிப்பான். தளபதி வச்சிரபாகு அவனிடம் ஏழு முறை தோற்றுப் புழுங்கிக் கிடந்தார். அரண்மனையில் பிறர் காலை வாருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆட்டத்தில் மட்டும் அது அவருக்கு அதர்மமாகப் பட்டது.

"மன்னா, கால் வாருவது அடியல்ல, வித்தை. வித்தை காட்டியவனுக்கு அந்த முறை அடி கிடையாது என்று விதி செய்யுங்கள். இன்று எங்கள் இருவரில் தோற்றவர் ஊரை விட்டுப் போகட்டும்."

மன்னர் ஆட்ட வேகத்தில் சரி என்றுவிட்டார். கூத்தன் தன் வீட்டை நினைத்தான். வீட்டில் மனைவி நிறைமாதக்காரி. அவளை அழைத்துக்கொண்டு எங்கே போவான்? தளபதியின் வீரன் மார்பில் கவசத்தோடு நின்றான். கூத்தனின் வீரனுக்குக் கவசமே இல்லை. அடுத்த முறை தளபதி உருட்டினால் கதை முடிந்தது.

கூத்தன் உருட்டினான். மூன்று விழுந்தது.

"மூன்று அடி எனக்கு உண்டல்லவா, மன்னா?"

"உண்டு."

"எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக எடுத்துக்கொள்."

கூத்தன் தளபதியின் வீரனைத் தூக்கி, இடது பாதத்தைப் பட்டென்று ஒடித்து எடுத்தான். "இது ஓர் அடி." வலது பாதத்தையும் ஒடித்தான். "இது இரண்டாவது அடி." நிறுத்திப் பார்த்தான், வீரன் குப்புற விழுந்தான். தன் வீரனின் வாளால் அவன் முதுகில் ஒன்று வைத்தான். "இது மூன்றாவது."

தளபதி துள்ளி எழுந்தார். "இது அக்கிரமம், மன்னா. அடி என்றால் அடிப்பது. பாதமல்ல."

"அப்படியா, தளபதியாரே? தினமும் 'மன்னர் திருவடியே சரணம்' என்கிறீர்களே. மன்னரிடம் அடி வாங்கவா வருகிறீர்கள்?"

அவை கொல்லென்று சிரித்தது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும், "தளபதியாரே, உமது வாக்குப்படி ஊரை விட்டுப் போக வேண்டியவர் நீர்தான்" என்றார். தளபதியின் முகம் செத்துவிட்டது.

கூத்தனுக்கு மனம் கேட்கவில்லை. "அவரை அனுப்பாதீர்கள், மன்னா. அவர் போனால் நான் யாரை ஜெயிப்பது?"

மன்னர் மறுபடி சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கால் வாருவதும் ஓர் அடியே என்று அன்றே விதி மாறியது.

மறுநாள் தளபதி முதல் ஆளாக ஆட வந்தார். மன்னருக்கு வெறும் வணக்கம் மட்டும் சொன்னார்.