மூன்று சகலைகள் கனம் குறைத்த கார்

டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக்.

பெண் பார்க்கப் போன அன்று அந்த வீட்டில் ததேயு காதில் முதலில் விழுந்தது இந்தச் சத்தம்தான். கூடத்தில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சோம்பேறிக் கடிகாரம் ஒன்று வீட்டின் பின்பக்கம் ஒளிந்துகொண்டு அடிப்பதுபோல் மறுபடியும் ஒரு டொக்.

“ஒண்ணுமில்லே மாப்ளே, கார் ஒழுகுது” என்றார் பெண்ணின் அப்பா பாக்கியநாதன். சொல்லும்போது முகத்தில் அத்தனை பெருமை. “இங்கிலாந்துக் கார். ஒழுகும்.”

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் தலைமை எழுத்தர். துரை கப்பலேறியபோது அவரிடம் விட்டுப்போன வண்டி அது. நல்ல சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். மேலே மடக்கிவைக்கும் துணிக் கூரை. அடியில் ஒரு பிஸ்கட் டின், எண்ணெய்ச் சொட்டுகளை வாங்கிக்கொள்ள.

கல்யாணமான முதல் வாரம் பிலோமினா புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். நகை இல்லை, புடவை இல்லை. “அப்பா கார்லே என்னைப் பக்கத்திலே உக்கார வச்சு ஒரு தடவை கடைத்தெருவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. ரெஜினா பாக்கணும்.” ரெஜினா அவளோடு கான்வென்டில் படித்தவள். ஜீப் வைத்திருந்தவனைக் கட்டிக்கொண்டு, நடந்து போகிறவர்களைப் பார்த்துக் கையசைப்பாள்.

“அடுத்த ஞாயிறு” என்றார் ததேயு.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு பாட்டரி. இப்படியே இருபத்திரண்டு வருஷம் போயிற்று. அதில் கடைசி ஆறு வருஷம் கார் கொட்டகையை விட்டு வெளியே தலை காட்டவில்லை. ஒழுகுவதை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து கோவர்த்தனன் என்பவர் வந்தார். பழைய கார்களைச் சேர்ப்பவர். பதினேழு வைத்திருந்தார். பதினெட்டாவதாக இதைக் கேட்டார். பாக்கியநாதன் மூன்று மருமகன்களையும் வரிசையாக நிற்கவைத்துக்கொண்டு அவரிடம் சொன்னார்: “நான் கண் ஆபரேஷனுக்குப் போறேன் சார். மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாங்க. எது ஓடுதோ அது வீட்டிலே இருக்கட்டும். எது ஓடலையோ அதை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. என் சொல்லு சொல்லுதான்.”

அன்று சாப்பாடு போடும்போது பிலோமினா, “வண்டி போயிடுச்சுன்னா இனிமே நான் கேக்க மாட்டேங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். ததேயு பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

ஆகவே சகலைகள் மூவரும் கொட்டகையில் கூடினார்கள். மூத்தவர் இன்னாசி, தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதியிருக்கிறபடியே படிப்பார். நடுவிலவர் ததேயு, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். உத்தரவு என்று ஒன்று காதில் விழுந்தால் கால் தானாக நகரும். இளையவன் சவரியப்பன், தோட்டத்தில் இலை நிறுக்கிறவன். தராசில் ஏற்றாத எதையும் அவன் நம்பியதில்லை.

மாமனார் ஒரு தாளில் குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். இன்னாசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“ஒன்று. எண்ணெய் ஒழுகினால் பயம் வேண்டாம். ஒழுகுவது நின்றால்தான் பயப்பட வேண்டும்.”

மூன்றாம் நாள் ஒழுகுவது நின்றுவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டால் வேறு என்ன செய்யும்? ஆனால் குறிப்பில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. முறை போட்டுக்கொண்டார்கள்.

காப்பி கொண்டுவந்த பிலோமினா, ததேயு மட்டும் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“என்னங்க பண்றீங்க?”

“பயப்பட்டுக்கிட்டிருக்கேன். பன்னண்டு மணிக்கு அண்ணன் வந்து மாத்துவாரு.”

இரண்டு நாள் பயந்ததில் மூவருக்கும் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. சவரியப்பன்தான் வழி கண்டான். ஒரு விளக்கெண்ணெய்ப் புட்டியின் மூடியில் ஓட்டை போட்டு, காருக்கு அடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். டின்னில் டொக் என்று விழுந்தது. மூவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பயம் அதோடு தீர்ந்தது.

“இரண்டு. இன்ஜினைச் சூடு பண்ணிக்கொண்டு ஸ்டார்ட் செய்யவும்.”

குன்னூர்க் குளிரில் இது நியாயமாகத்தான் பட்டது. வெந்நீர்ப் பை இரண்டு வைத்தார்கள். மேலே இன்னாசியின் கம்பளி. பக்கத்தில் கரிக் கணப்பு. ததேயு பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து செருகிப் பார்த்தார்.

“நூத்திரெண்டு.”

“காய்ச்சலில்லையா இது?” என்றார் இன்னாசி.

உடனே கம்பளியை எடுத்துவிட்டு ஈரத்துணி போட்டார்கள். தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. பிறகு ஸ்டார்ட் செய்தால் எப்படி ஆகும்? இன்ஜின் ஒரே ஒருமுறை கனைத்துவிட்டு, சாவுச் சேதி கேட்டவரைப் போல மௌனமாகிவிட்டது.

கீழே கடைத்தெருவில் காசிம் பாய் என்ற மெக்கானிக்கைப் போய்க் கேட்டார்கள். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. கால்களைப் பார்த்தே மூவரும் விஷயத்தைச் சொன்னார்கள்.

“வயசான வண்டிங்க” என்றார் காசிம் பாய் உள்ளேயிருந்து. “கனத்தைக் குறைங்க. தானா ஓடும்.”

சவரியப்பனின் முகம் அன்று மலர்ந்ததைப்போல் அவன் கல்யாணத்தில்கூட மலரவில்லை. மறுநாளே தோட்டத்திலிருந்து இலை நிறுக்கும் தராசு வந்தது. கொட்டகை உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டார்கள்.

“மூன்று” என்று படித்தார் இன்னாசி. “சந்தேகம் இருந்தால் எதையும் கழற்றக் கூடாது.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

கதவுகள் கழன்றன. ஒவ்வொன்றும் பதினொரு கிலோ. உபரிச் சக்கரம் பதினான்கு. முன் பம்பர், பின் பம்பர், கூரைக் கம்பிகள். பிலோமினா உட்கார வேண்டிய இருக்கை ஒன்பதரை. அதற்குப் பதில் வீட்டிலிருந்த பிரம்பு மோடாவை வைத்தார்கள். ஒன்றரை கிலோதான். பிரேக் மிதியையும் நிறுக்கப் பார்த்தார்கள். அது கால் கிலோகூடத் தேறாது என்று தெரிந்ததும், ஏழை பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ததேயுவின் கழுத்து தப்பியது அதனால்தான். யாரும் அதற்காகத் திட்டம் போடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மூவரும் தள்ளிப் பார்த்தார்கள். வண்டி அசைந்தது. ஓடவில்லை.

சவரியப்பன் காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். “அண்ணே, பெரிய கனம் ஒண்ணு முன்னாலே ஒளிஞ்சிருக்கு.”

மூவரும் இன்ஜினைப் பார்த்தார்கள்.

“ஆறு வருஷமா இது ஒரு நாளாவது வேலை செஞ்சுதா?” என்றார் இன்னாசி.

“இல்லே” என்றான் சவரியப்பன்.

“சூடு பண்ணினோம். செஞ்சுதா?”

“கனைச்சுது.”

“கனைக்கிறது வேலையா? வேலை செய்யாதவனை வண்டியிலே ஏத்திவச்சு ஊரெல்லாம் சுமக்கணும்னு எந்தச் சட்டத்திலே இருக்கு?”

ததேயு தலையைச் சொறிந்தார். இன்னாசி உடனே தாளைத் தூக்கிக் காட்டினார். “தம்பி, உண்மையைச் சொல்லு. உனக்குச் சந்தேகமா? சந்தேகம்னா விட்டுடுவோம். மாமா எழுத்து.”

ததேயு நேர்மையான மனிதர். கண்ணை மூடி உள்ளே தேடிப் பார்த்தார். “சந்தேகம் இல்லே அண்ணே. பயம்தான்.”

“பயத்துக்கு வேற இடம் இருக்கு. அது எண்ணெய்க்கு எழுதினது.”

கப்பி கட்டி இழுத்து இன்ஜினைத் தூக்கித் தராசில் மாட்டினார்கள். நூற்றெழுபத்திரண்டு கிலோ. சவரியப்பன் அந்த எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னான். பிறகு ததேயு ஒரு விரலால் காரைத் தொட்டார். அது வாசல் சரிவைப் பார்த்து அடி எடுத்து வைத்தது. மூவரும் பாய்ந்து பிடித்து, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள்.

“பாய் சொன்னது பலிச்சிடுச்சு” என்றார் இன்னாசி. கண்ணில் நீர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாக்கியநாதன் கறுப்புக் கண்ணாடியோடு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே கோவர்த்தனனின் லாரி, பலகை, கயிறு, நான்கு ஆட்கள். பிலோமினா பூசைக்குக் கட்டிய நீலப் பட்டோடு வந்து காரைப் பார்த்தாள். கதவு இல்லை. இருக்கை இல்லை. மோடா இருந்தது.

“ஓடுமா?”

“ஓடும்” என்றார் ததேயு. “சந்தேகமே இல்லே.”

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மோடாவில் உட்கார்ந்தாள். ததேயு ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சவரியப்பன் கல்லை எடுத்தான்.

கார் கிளம்பியது. துரை காலத்திலும் அது அப்படிப் போனதில்லை. கேட்டைத் தாண்டியது. வாயைத் திறந்த கோவர்த்தனன் மூடுவதற்குள் முதல் வளைவில் மறைந்தது. ஒரு சத்தம் இல்லை. சக்கரத்துக்கு அடியில் சருகு நொறுங்குவதும், பிலோமினாவின் முந்தானை காற்றில் படபடப்பதும்தான் கேட்டன. தேயிலைப் புதர்கள் பச்சையாக வழிந்து பின்னால் போயின. அவள் கையைத் தூக்கினாள். யாரும் இல்லாத இடத்திலேயே ஒத்திகை பார்க்கிறவளைப் போல அசைத்தாள்.

கடைத்தெருவில் ரெஜினா தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கார் கொஞ்சம் தளர்ந்து, சரியாக அவள் முன்னால், உருளைக்கிழங்கு மண்டி வாசலில் வந்து நின்றது. வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்த ததேயு, இங்கே அதைத் தொடக்கூட இல்லை. அங்கே தெரு மேடேறுகிறது.

“என்னடி பிலோ, வண்டியிலே சத்தமே இல்லை?”

“சத்தம் போடறதெல்லாம் ஜீப்புதான்டி” என்றாள் பிலோமினா. இருபத்திரண்டு வருஷமாகத் தயாராக இருந்த குரல்.

மேலே வீட்டில் கோவர்த்தனன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “ஐயா! இன்ஜின் தராசிலே தொங்குது!”

“வண்டி ஓடுச்சா இல்லையா?”

“ஓடுச்சு. ஆனா…”

“இன்ஜின் ஓடுச்சா?”

“தொங்கறது எப்படிங்க ஓடும்?”

“அப்ப அதை எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார் பாக்கியநாதன். “என் சொல்லு சொல்லுதான்.”

நான்கு ஆட்கள் இன்ஜினைப் பலகையில் ஏற்றினார்கள். கோவர்த்தனன் லாரியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு போனார்.

இனி காரை மேலே கொண்டுவர வேண்டும். மூன்று சகலைகளும் மண்டி வாசலில் காரைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

“மேலே ஏற மாட்டேங்குதே” என்றார் ததேயு.

“ஓடறது வீட்டிலே இருக்கணும்னு மாமா சொல்லியிருக்காரே” என்றார் இன்னாசி.

“அதனாலென்ன?” என்றான் சவரியப்பன். “வீடு இறங்கி வரலாமே.”

மண்டிக்கு மாடியில் இரண்டு அறை காலியாக இருந்தது. ததேயுவும் பிலோமினாவும் அந்த வாரமே குடிவந்தார்கள். கார் வாசலில் நின்றது.

அடுத்த கல்யாண நாளன்று பிலோமினா மறுபடி கேட்டாள். சகலைகள் வந்து மேட்டைத் தாண்டும்வரை தள்ளிவிட்டார்கள். கார் காட்டேரி என்ற ஊரில் போய் நின்றது. அங்கே வீடு பார்த்தார்கள். அதற்கடுத்த வருஷம் பர்லியாறு. பலாப்பழ வாசனையும் அட்டைகளுமாக ஒரு வருஷம். அதற்கும் அடுத்த வருஷம் கல்லாறு. ஒவ்வொரு தடவையும் பிலோமினா பட்டுப் புடவையில் மோடாவில் உட்கார்ந்து வழியெல்லாம் கையசைத்தாள். பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துத் திருப்பி அசைத்தார்கள். பாத்திரம் பண்டமெல்லாம் சவரியப்பன் தோட்டத்து லாரியில் பின்னால் வரும்.

போன வருஷம் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. அங்கே தரை சமம்.

இந்த வருஷக் கல்யாண நாளுக்குக் கல்லை எடுத்தும் கார் நகரவில்லை. சகலைகள் கூடி, பழைய தாளை விரித்துவைத்து, நாள் முழுக்கப் பேசினார்கள். கழற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை என்று கண்டார்கள். பிலோமினாவைக் குறைக்க முடியாது, அவளுக்காகத்தான் வண்டியே. சவரியப்பன் தராசைக் கொண்டுவந்து ததேயுவைத் தொங்கவிட்டான். எழுபத்தொன்று.

ததேயு இப்போது நாற்பத்தெட்டு கிலோ.