பாதியில் சொன்ன ஆமென்

ஒரு காட்டில், பாறை இடுக்கு ஒன்றில், பாக்கியநாதன் என்ற எலி மனைவி ஞானப்பூவோடும் ஏழு குஞ்சுகளோடும் குடியிருந்தார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு பழைய தாள் ஒட்டியிருந்தது. 'கிறிஸ்தவக் குடும்ப ஒழுங்கு' என்று அதற்குத் தலைப்பு. கீழே மூன்றே வரிகள்.

'பொழுது சாய்ந்ததும் வாசலை அடை. குடும்பமாக ஜெபம் செய். ஆமென் சொன்னதும், சாப்பிடுமுன், ஏழைக்கென்று ஆளுக்கு ஒரு பிடி தானியம் எடுத்து வை.'

மூன்றாவது வரி ஞானப்பூவின் பொறுப்பு. ஆமென் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ஏழு குஞ்சுகளும் பின்பக்கத்துத் தானியப் பொந்துக்குள் ஓடிப் பிடி அள்ளும். எலியைத் தவிர எதுவும் நுழைய முடியாத ஒடுக்கமான பொந்து அது.

இரண்டாவது வரியில் பாக்கியநாதனை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் வரியைத்தான் அவர் மதிப்பதே இல்லை.

அன்று மாலையும் ஞானப்பூ கேட்டாள்: "என்னங்க, கல்லை உருட்டி வாசலை அடைச்சிட்டு ஆரம்பிங்களேன்."

"அடைச்சா அணிலுக்கும் முயலுக்கும் என் ஜெபம் எப்படிக் கேட்கும்? வாசலைக் கர்த்தர் பார்த்துக்குவார். நீ பானையைப் பாரு."

"கல்லை உருட்டத்தானே அவர் நமக்குக் கை கொடுத்திருக்கார்?"

"பேசாம முட்டி போடு."

சுவரைப் பார்த்து மண்டியிட்டு அவர் தொடங்கினார். பின்னால் குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டன. போன வாரம் கடைக்குட்டி ரூத்து இருமியதற்காக, அவர் ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து, இடியே விழுந்தாலும் குஞ்சுகள் கண்ணை இன்னும் இறுக்கிக்கொள்ளுமே தவிர அசையாது.

அந்த ஜெபத்தை அணிலும் முயலும் மட்டும் கேட்கவில்லை. பத்து நாளாகப் புதருக்குள் படுத்து ஒரு காட்டுப்பூனையும் கேட்டது. முன்னோருக்கு நன்றி, பிறகு விளைச்சல், பிறகு மழை, கடைசியில் எதிரிகள். அதுவரை ஒரு கண்ணும் திறக்காது என்று அதற்கு மனப்பாடம்.

பாக்கியநாதன் விளைச்சலுக்கு வந்தபோது ஞானப்பூவின் மூக்கில் ஒரு வாடை அடித்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

திறந்த வாசலில் காட்டுப்பூனை. ஒரு கால் உள்ளே. அவசரமே இல்லாமல் மறு காலையும் எடுத்து வைத்தது. அதற்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், ரூத்து.

கத்தலாமா? கத்தினால் குஞ்சுகள் கண்ணை இறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். பாய்ந்து தூக்கலாமா? ஒன்றைத் தூக்கலாம். மற்ற ஆறு?

பூனை உடம்பைத் தாழ்த்தியது.

ஞானப்பூ வயிற்றிலிருந்து குரலெடுத்துச் சொன்னாள்: "ஆமென்."

"ஆமென்" என்று ஏழும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, வழக்கம்போல் பொந்துக்கு ஓடின. ரூத்துவை முன்னால் தள்ளிக்கொண்டு ஞானப்பூவும் நுழைந்தாள். பூனை பாய்ந்த இடத்தில் வெறும் பாய்தான் இருந்தது.

பாக்கியநாதன் கண்ணைத் திறக்காமலே சீறினார்: "யார் ஆமென் சொன்னது? நான் இன்னும் மழைக்கே வரலை."

"மழையை விடுங்க அண்ணாச்சி," என்றது பூனை. "எதிரிக்கு வாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பொந்தை நோக்கி விழுந்தடித்து ஓடினார். ஞானப்பூ காதைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வாலில் பாதி பூனையின் வாயோடு போயிற்று.

மறுநாள் பொழுது சாய்ந்தது. வெளியே அணில் கேட்டது: "என்ன பாக்கியநாதரே, இன்றைக்கு ஜெபம் இல்லையா?"

"உண்டு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "உனக்குக் கேட்காது." கல் உருண்டு வாசலை அடைத்தது.

நீதி: ஊர் கேட்க ஜெபிக்கிறவன் வீட்டைக் காக்க மாட்டான், கடவுளை நம்புகிறவன் முதலில் கதவை அடைப்பான்.