இடது பக்க விளக்கு

பாவாயம்மாவுக்குக் கோபம் வரும். ஞானிக்குக் கோபம் வரலாமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைத்தான் அவர் முதலில் திட்டி அனுப்புவார். எல்லைமேட்டுக்கு மேற்கே ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். வயது நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். ஒரு சொல் சொன்னால் அதைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதனால் அந்த வட்டாரத்தில் அவர் சொல்லுக்கு மரியாதை இருந்தது. தனக்குச் சாதகமாகக் கொஞ்சம் திருப்பிப் பேச ஆள் வேண்டும் என்கிறவர்கள் அவர் வீட்டுப் பக்கம் போவதில்லை.

தெய்வசிகாமணி அவருடைய சீடர். அறுபது முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் வந்து வாசல் கூட்டுவார், தண்ணீர் இறைத்து வைப்பார், ஒரு கேள்வி கேட்பார், திட்டு வாங்கிக்கொண்டு போவார். தன்னைவிட இளையவரிடம் திட்டு வாங்குவதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் அவருடைய கார் வந்து நின்றது. அவர் கதவைச் சாத்திய சாத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

“நாளைக்குக் காலையில பங்காளிங்க கோயில்ல கூடறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணுங்க.”

பாவாயம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். “என்ன வார்த்தை?”

“நான் அவனைப் பாக்கலைன்னு.”

“உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

முந்தாநாள் பொழுது இருட்டுகிற நேரம் அவர் சந்தையிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி குழந்தைவேல் அதே சாலையில் இடது ஓரமாக எருமையைப் பிடித்துக்கொண்டு நடந்து போயிருக்கிறார். காரின் இடது பக்க விளக்கு தொங்கிப் போனது. அதன் வெளிச்சம் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில்தான் விழும். தம்பி கண்ணில் படுவதற்குள் கார் இடித்துவிட்டது. எருமை தப்பித்துக்கொண்டது. தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அண்ணன்தான். தம்பி இனிமேல் பழையபடி நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் பதில் சொல்லவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் தை மாதத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். அது போதாதா? வேண்டுமென்றே ஏற்றிவிட்டான் என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இப்போதைக்கு விபத்து என்றுதான் போலீஸில் பதிவாகியிருக்கிறது. நாளைக்குப் பங்காளிகளும் டீக்கடைத் தீர்ப்பையே சொன்னால் அது கொலை முயற்சி ஆகிவிடும். தம்பி மனைவி அப்படித்தான் எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

“கூடப் பொறந்தவனைக் கொல்லுவனாங்க நானு?” என்றார் தெய்வசிகாமணி. “கண்ணுல பட்டிருந்தா ஏத்துவனா?”

அவருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊரின் மேல் கோபம், தம்பி மனைவி மேல் கோபம், இரண்டு பக்கமும் தலையாட்டுகிற பங்காளிகள் மேல் கோபம். எல்லாவற்றையும்விட, கட்டிலில் கிடக்கிற தம்பி மேல்தான் அதிகக் கோபம்.

“அந்த வெளக்கை ஒடைச்சதே அவன்தானுங்க. அவன் ஒடைச்சான், அவனே அடிபட்டான். இதுல என்ற தப்பு என்னங்க?”

விளக்கை உடைத்தது தம்பிதான். அதில் பொய் இல்லை. அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே வாசலில் எதிரெதிராக இருந்தன. பொங்கல் முடிந்த வாரம் தம்பி டிராக்டரைப் பின்னால் எடுத்தபோது, டிரெய்லரின் மூலை அண்ணன் காரின் விளக்கில் இடித்துவிட்டது. கண்ணாடி உடையவில்லை. விளக்கை மேலே பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது மட்டும் ஒடிந்து, விளக்கு தலை கவிழ்ந்துகொண்டது. தப்புத்தான் அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தம்பியோ, நடுவாசலில் நிறுத்தினால் நான் என்ன செய்வது என்று கேட்டுவிட்டார். அண்ணன் அதோடு பேச்சை நிறுத்தினார். சொத்துத் தகராறாக இருந்திருந்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ள முடியும். இது ஒரு பிளாஸ்டிக் காது.

பாவாயம்மா கொதித்த உலையில் அரிசியைப் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, காரின் முன்னால் நின்று இடது விளக்கைப் பார்த்தார்.

“இதை நிமுத்த முடியாதா?”

“கம்பெனியில முழுசா மாத்தோணும்னாங்க. ஒரு எருமையே வாங்கலாம், அந்த வெலை சொன்னாங்க.”

“நிமுத்த முடியாதான்னு கேட்டேன்.”

தெய்வசிகாமணி கொஞ்சம் தயங்கினார். “முடியுங்க. ஒரு ரப்பர் துண்டை முட்டுக் குடுத்து, கட்டுக்கம்பில இழுத்துக் கட்டினாப் போதும்னு சந்தைப்பேட்டை மெக்கானிக் சொன்னான். வீட்லயே பண்ணிக்கலாம்னான்.”

“எப்பச் சொன்னான்?”

“அப்பவே.”

“இப்பக் கட்டுங்க.”

“இப்ப அதுவாங்க முக்கியம்? நாளைக்குக் காலையில என்னைய ஜெயிலுக்கு அனுப்பறதுக்குக் கூட்டம் போடறாங்க.”

“கட்டுங்க.”

அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போய் டிக்கியைத் திறந்தார். ஸ்பேனரையும் குறட்டையும் எடுத்தார். மூலையில் கிடந்த கட்டுக்கம்பிச் சுருளையும் ஒரு ரப்பர் துண்டையும் எடுத்தார். ரப்பர் துண்டு பழைய செருப்பின் குதிகாலில் வெட்டியது. கம்பி கோப்பதற்கு நடுவில் ஒரு ஓட்டைகூடப் போட்டிருந்தது.

பானெட்டைத் திறந்து, விளக்கைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினார். கவிழ்ந்த விளக்கை உள்ளங்கையால் தூக்கிப் பிடித்து, அடியில் ரப்பரை முட்டுக் கொடுத்தார். காது இருந்த இடத்தில் கம்பியைக் கோத்து மேல் தகட்டோடு இழுத்துக் கட்டினார். வேலை செய்கிற கையும் ஊரைத் திட்டுகிற வாயும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் நடந்தன. இடையில் கம்பி விரலைக் கிழித்தது. அதற்கும் சேர்த்துத் தம்பியைத் திட்டினார்.

போல்ட்டுகளை முறுக்கிவிட்டு விளக்கைப் போட்டார். கார் பாவாயம்மாவின் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல நின்றிருந்தது. சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்களும் சம உயரத்தில் விழுந்தன.

“சரியாயிருச்சுங்க.”

“பின்னால எடுங்க.”

பின்னால் எடுத்தார். கார் தள்ளிப் போகப் போக இடது வட்டம் மட்டும் சுவரில் இறங்கிக்கொண்டே வந்தது.

“ஒட்டி நின்னா ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும்” என்றார் பாவாயம்மா.

மறுபடி இறங்கிக் கம்பியை முறுக்கினார். ஆத்திரத்தில் அதிகமாக முறுக்கிவிட்டார். வெளிச்சம் எழும்பிப்போய்ச் சுவரோரம் நின்ற பாவாயம்மாவின் முகத்தில் அடித்தது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, “நான் என்னங்க பண்ணுனேன் உங்களுக்கு?” என்றார். தெய்வசிகாமணி கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார். இந்த முறை இரண்டு வட்டங்களும் தூரத்திலும் சமமாக நின்றன.

பாவாயம்மா உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

“அரிசி இன்னும் வேகலை, அதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு” என்றார்.

தெய்வசிகாமணிக்குச் சுருக்கென்றது. குறட்டைத் துடைத்தார்.

“ரப்பரும் கம்பியும் வண்டியிலயே இருந்துச்சு.”

“ஆமாங்க.”

“ரப்பரை நீங்களா வெட்டுனீங்க?”

அவர் குறட்டையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களைத்தான் கேட்டேன்.”

“அவன் வெட்டுனது.”

பிறகு பிய்த்துப் பிய்த்துச் சொன்னார். இடித்த சில நாளிலேயே தம்பி ஒரு காலையில் கம்பியும் ரப்பருமாக வந்து, கேட்காமல் கொள்ளாமல் பானெட்டைத் திறந்திருக்கிறார். அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். கையை எடுடா, இது இப்படியே தொங்கட்டும், நீ பண்ணினதைப் போற வர்றவன் எல்லாம் பார்க்கட்டும் என்று வாசலே அதிரக் கத்தியிருக்கிறார். தம்பி ரப்பரையும் கம்பியையும் பானெட் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைத்தான் அண்ணன் டிக்கியில் வீசி எறிந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் காரைக் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் தொங்கிய விளக்கோடுதான் ஓட்டிப் போனார். விளக்குக்கு என்ன என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தம்பியின் கதையைச் சொன்னார். மெக்கானிக்கிடம் விடலாமே என்று மனைவி சொன்னபோது அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

“ஒரு மன்னிப்புக் கேட்டானாங்க அவன்?” என்றார். குரல் மறுபடி ஏறியது. “இன்னைக்கு வரைக்கும் கேக்கலையே.”

பாவாயம்மாவுக்கு வந்தது கோபம். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“கம்பியோட வந்தவன் வேற எதுக்கு வந்தான்? உங்களைக் கட்டிப் போடறதுக்கா?”

தெய்வசிகாமணி வாயை மூடிக்கொண்டார். ஆனால் கோபம் மூடிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தார். டயரை ஒரு உதை உதைத்தார். பிறகு திரும்பி வந்து நேருக்கு நேர் நின்றார்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருசமா உங்க வாசல் கூட்டியிருக்கேன். நான் வேணும்னு ஏத்துனனா?”

“இல்லை.”

“அவனை நான் பாத்தனா?”

“பாக்கலை.”

“அப்பறம் என்ன? அதை நாளைக்கு வந்து சொல்றதுக்கு உங்களுக்கு என்ன தடை?”

பாவாயம்மா காரைத் திருப்பிச் சாலையில் நிறுத்தச் சொன்னார். செருப்பைப் போட்டுக்கொண்டு, காரைத் தாண்டி, சாலையின் இடது ஓரமாக நடந்து போனார். நன்றாக இருட்டியிருந்தது. வெகுதூரம் போய், ஒரு மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கையைத் தூக்கினார்.

தெய்வசிகாமணி விளக்கைப் போட்டார்.

இடது ஓரம் முழுவதும் வெளிச்சம் விழுந்தது. சாலையின் விளிம்பு தெரிந்தது. அதன் பிறகு பள்ளம், பள்ளத்துக் கோரைப்புல், மைல்கல் எல்லாம் தெரிந்தன. அதற்குப் பக்கத்தில் பாவாயம்மா நின்றார். அவர் சேலையின் பச்சைக் கரை தெரிந்தது. காலில் போட்டிருந்த செருப்பின் வார் தெரிந்தது. அந்தத் தூரத்துக்குள் ஒரு காரை ஆற அமர நிறுத்திவிட்டு, இறங்கி, எருமையைக் கொஞ்சம் ஓரமாகப் பிடிடா என்று சொல்லிவிட்டுக்கூடப் போகலாம்.

தெய்வசிகாமணியின் கை ஸ்டியரிங் மேலேயே இருந்தது. விளக்கை அணைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பாவாயம்மா அந்த வெளிச்சத்திலேயே நடந்து வந்தார். ஓட்டுநர் பக்கம் வந்து, ஜன்னலோரம் நின்றார்.

“தெரிஞ்சனா?”

“தெரிஞ்சீங்க.”

இப்போது தெய்வசிகாமணி கேட்ட குரலில் வந்தபோது இருந்த ஏற்றம் இல்லை.

“நாளைக்கு வருவீங்களாங்க?”

“வர்றேன்” என்றார் பாவாயம்மா. கோபம் இன்னும் போகவில்லை. “இவரு தம்பியைப் பாக்கலைன்னு அத்தனை பேரு முன்னாலயும் சொல்றேன். அது நெசம். ஏன் பாக்கலைன்னு அங்க எவனாவது கேப்பான். அதை நீங்க சொல்லுங்க.”